வசிப்பிடமும் நில இழப்பும்: நெய்வேலி வேலைவாய்ப்புக் கோரிக்கையின் சட்ட வரலாறு

முன்னுரை

கடலூர் மாவட்டத்தின் வடலூர், நெய்வேலி வட்டார மக்கள் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை கோரும்போது இரண்டு காரணங்களை ஒருசேர முன்வைக்கின்றனர். ஒன்று, தாம் இம்மண்ணில் வாழ்வோர் என்பது. மற்றொன்று, தம் நிலம் சுரங்கத்திற்குப் போயிற்று என்பது. ‘மண்ணின் மைந்தர்’ என்னும் தொடர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆயின், சட்ட வரலாற்றில் இவை வெவ்வேறு தடங்களில் வந்தவை. அத்தடங்களைப் பிரித்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுவனமும் நிலமும்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருளே நெய்வேலித் திட்டத்திற்கு வித்திட்டது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. இது திறந்தவெளிச் சுரங்கம். படுகையின் மேலுள்ள மண் முழுவதையும் அகற்றியே நிலக்கரியை எடுக்க இயலும். எனவே சுரங்கம் நகரும் திசையில் வயலும் ஊரும் இடம்பெயர்கின்றன. நில எடுப்பு ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததன்று, தலைமுறைதோறும் தொடர்வது. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்த பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த எதிர்ப்பு இதற்குச் சான்று.

வசிப்பிடம் என்னும் தகுதி

அரசமைப்பின் 16(2)ஆம் உறுப்பு, பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு அரசுப் பணியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. விதிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தை 16(3) நாடாளுமன்றத்திற்கு மட்டுமே தருகிறது. மாநிலச் சட்டமன்றத்திற்கு அன்று. நெய்வேலிச் சுரங்கம் தொடங்கிய அதே 1957இல் நாடாளுமன்றம் வசிப்பிடத் தேவைச் சட்டத்தை இயற்றியது. தெலங்கானா, இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா ஆகியவற்றுக்குக் குறித்த காலச் சலுகை அளித்து, ஏனைய இடங்களில் வசிப்பிட நிபந்தனைகளை அச்சட்டம் நீக்கியது. தெலங்கானாவுக்கான ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 1969இல் செல்லாதென்றது. பின்னர் 1973இல் 371ஈ உறுப்பு சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டிற்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் அமையவில்லை.

எனினும், வசிப்பிடம் என்ற சொல்லை எழுதாமலேயே அதன் பயனைத் தந்த வழியொன்று இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தோர் பட்டியலிலிருந்து ஆட்களை எடுக்கும் முறையே அது. பதிவு வட்டாரம் சார்ந்தது. ஆகவே பட்டியலும் வட்டாரம் சார்ந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், பட்டியலோடு நில்லாது நாளிதழ்களிலும் விளம்பரம் செய்யவேண்டும் என்றபோது அவ்வழி குறுகியது. 2022இல் கேட் மதிப்பெண் வழி 299 பொறியாளர் பணியிடங்களுக்கு நடந்த தேர்வில் தமிழ்நாட்டவர் புறக்கணிக்கப்பட்டதாக எழுந்த கண்டனத்தை இப்பின்னணியில் வைத்துக் காணவேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கிய தமிழ்த் தாள் மாநிலப் பணிகளுக்கு உரியது. மத்தியப் பொதுத்துறையை அது கட்டுப்படுத்தாது.

நில இழப்பு என்னும் உரிமை

நிலமிழந்தோர் கோரிக்கை வசிப்பிடத்தைச் சார்ந்ததன்று, இழப்பைச் சார்ந்தது. ரூர்கேலா எஃகு ஆலைக்கு நிலம் தந்தோர் தொடுத்த வழக்கில் (1995), இழப்பீடு பெற்றபின் வேலையை அடிப்படை உரிமையாகக் கோர இயலாது என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இந்நிலையைச் சற்றே மாற்றியது. திட்டத்தால் வேலைகள் உருவாகுமிடத்து, பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒருமுறைத் தொகையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத ஆண்டுத்தொகை என மூன்று வழிகளை அது வகுத்தது. வேலையும் பணமும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கப்பட்டமையால், வேலை உறுதியாகவில்லை.

முடிவுரை

வசிப்பிடத்தை முன்னிறுத்தும் கோரிக்கைக்கு நாடாளுமன்றச் சட்டமின்றி வழியில்லை. இழப்பை முன்னிறுத்தும் கோரிக்கைக்கோ சட்ட அடித்தளம் உண்டு. அதன் வலிமை, எந்த ஊரில் எவர் எப்போது நிலமிழந்தார், ஈடாக எதைப் பெற்றார் என்னும் ஆவணத்தைப் பொறுத்தது. இரண்டையும் ஒரே முழக்கத்தில் இணைக்கும்போது, வலிய கோரிக்கை மெலிய கோரிக்கையின் தடையைத் தானும் சுமக்க நேர்கிறது. நில எடுப்புக் கோப்புகளையும் பணிப்பதிவேடுகளையும் ஊர்வாரியாக ஒப்பிடும் ஆய்வே இவ்வட்டாரத்திற்கு இன்று உடனடித் தேவையாகும்.