நச்சுக்கொடி விட்டுச்சென்ற செல்கள்: வில்லியனூர், பாகூர் நோக்கில் ஒரு நோயறிதலின் வரலாறு

கரு கலைந்த சில வாரங்களிலோ, சில ஆண்டுகள் கழித்தோ கர்ப்பப்பையிலிருந்து சுரண்டி எடுத்த சதையில், நச்சுக்கொடியை உருவாக்கும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் தென்படுவதுண்டு. அவை பழைய கர்ப்பத்தின் மிச்சமா, புற்றா? இதைப் பிரித்துச் சொல்லும் திறமை வளர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வளர்ச்சியையும், வில்லியனூர், பாகூர் போன்ற புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களுக்கு அது எட்டும் விதத்தையும் இக்கட்டுரை பார்க்கிறது.

பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது இந்தக் கேள்வியே எழவில்லை. 1895-இல் ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் மார்ஷண்ட், கோரியோகார்சினோமா என்னும் புற்று கர்ப்பத்தின் செல்களிலிருந்தே பிறக்கிறது என நிறுவினார். அதன்பின், மிஞ்சிநிற்கும் எந்தக் கர்ப்பச் செல்லையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று. 1910-இல் ஜேம்ஸ் யூயிங், தீங்கில்லாத பெருக்கத்தைத் தனியே பிரித்து ‘சின்சிஷியல் எண்டோமெட்ரைடிஸ்’ என்றார். அழற்சி நோயல்லாத ஒன்றுக்கு அழற்சியின் பெயர் எழுபது ஆண்டுகள் ஒட்டிக்கொண்டது.

புற்றென்று தீர்ப்பானால் அந்நாளில் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும். அப்படியும் பலர் பிழைக்கவில்லை. 1956-இல் அமெரிக்காவில் மின் சியூ லியும் ராய் ஹெர்ட்ஸும் மெத்தோட்ரெக்சேட்டால் இப்புற்று அடங்குவதைக் காட்டினர். அம்மருந்துக்கு வழி திறந்த லெடர்லி ஆய்வகக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆனால் மருந்து வந்ததும் தவறான நோயறிதலுக்கு இன்னொரு விலை சேர்ந்தது: தேவையில்லாத கீமோதெரபி.

1976-இல் நிகழ்ந்த தடுமாற்றத்தை நான் இவ்வரலாற்றின் மையமாகவே கருதுகிறேன். நோயியல் அறிஞர்களான கர்மன், ஸ்கல்லி, நோரிஸ் மூவரும் கர்ப்பப்பைத் தசைக்குள் ஊடுருவிய கட்டிகளை ஆராய்ந்து, புற்றுபோல் தோன்றினாலும் அவை புற்றல்ல என்று ‘பொய்க்கட்டி’ எனப் பெயரிட்டனர். பின்னர் அதே கட்டியால் சிலர் இறந்தது தெரியவந்தது. 1981-இல் ஸ்கல்லியும் யங்கும் அதை உண்மைக் கட்டியாக மறுவகைப்படுத்தினர். முந்தைய முடிவைத் திருத்தியவர்களில் ஒருவர் அதை எழுதியவரே. நோயியல் துறையின் நேர்மைக்கு இது நல்ல சான்று.

இதன் பிறகே தீங்கற்றவை தெளிவாகப் பிரிந்தன. 1990-இல் யங், கர்மன், ஸ்கல்லி விவரித்த ‘பிளசென்டல் சைட் நாட்யூல்’ பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுதான்: விளிம்பு தெளிவான, கண்ணாடிபோல் பளபளக்கும் இளஞ்சிவப்புத் திட்டு, உள்ளே அங்கங்கே சிதறிய செல்கள். 1998-இல் ஷீயும் கர்மனும் கேஐ-67 சாயத்தைப் பயன்படுத்தி இன்னொரு குழப்பத்தைத் தீர்த்தனர். நச்சுக்கொடி ஒட்டிய இடத்தில் செல்கள் மிகுந்து நிற்கும் தீங்கற்ற நிலையில், பிரியும் செல்களின் விகிதம் ஏறத்தாழ பூஜ்யம்; உண்மைக் கட்டியில் அது பத்து விழுக்காட்டைத் தாண்டும்.

புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மரோடு நில்லாமல், வில்லியனூர்ப் பக்கம் அரியூரிலும் பாகூர்ப் பக்கம் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. ஆகவே நுண்ணோக்கி தொலைவில் இல்லை. சிக்கல் அதற்கு முந்தைய படியில். முன்பு ‘கிளீன் பண்ணும்போது’ கிடைத்த சதை, இப்போது மாத்திரையால் கரு வெளியேறும்போது வீட்டுக் கழிவறையோடு போய்விடுகிறது. (மாத்திரை பெண்ணுக்கு எளிது, அதைக் குறை சொல்வதற்கில்லை.) மூன்று வாரம் கழித்துச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையும், இரத்தப்போக்கு நிற்காவிட்டால் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜியின் அளவும்தான் அப்போது துணை. ஆனால் நாட்யூலில் எச்சிஜி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதைக் காட்டித்தருவது சதை மட்டுமே.

சதை கிடைத்தாலும் அது பத்து விழுக்காட்டு ஃபார்மலினில் போக வேண்டும். உப்புநீரில் கிடந்தால் செல்கள் சிதைந்துவிடும். கூடவே செல்லும் தாளில் ‘அதிக உதிரப்போக்கு’ என்று மட்டும் எழுதினால் போதாது. கடைசிக் கர்ப்பம் எப்போது, எப்படி முடிந்தது, முன்பு முத்துப்பிள்ளைக் கர்ப்பம் இருந்ததா என்பவையும் வேண்டும். சாதாரண நாட்யூலுக்கு மேல்சிகிச்சை கிடையாது. செல்களில் மாறுபாடு தெரிந்தால் மட்டும், அருகிலேயே கட்டி மறைந்திருக்கக்கூடும் என்பதால், ஸ்கேனும் தொடர் கண்காணிப்பும் தேவை.