மூட்டை போய்க் கணக்கு வந்தது

கறுப்புப் பணம் என்றதும் மூட்டை, பெட்டி, ஹவாலா என்றே நாம் நினைக்கிறோம். காலம் மாறியதை 2016 பிப்ரவரி காட்டியது.

வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி, ஸ்விஃப்ட் வழியாகப் போலி உத்தரவுகள் அனுப்பினார்கள். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் ஓர் எழுத்துப்பிழையால் சிக்கி மீண்டது. 8.1 கோடி டாலர் மணிலாவில் போலிப் பெயர்களில் இருந்த கணக்குகளுக்குப் போய், கேசினோக்களில் கலந்தது. பிலிப்பைன்ஸின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் அன்று கேசினோக்களைத் தொடவில்லை. 2017இல்தான் திருத்தினார்கள்.

திருடியது கணினி, வெளுத்தது பழைய சூதாட்ட மேசை.

அது யார் பணம்? ஆடை ஆலைப் பெண்களின் உழைப்பும், வெளிநாட்டில் கூலி வேலை செய்வோர் அனுப்பியதும் சேர்ந்ததுதான் வங்கதேசத்தின் டாலர் கையிருப்பு. 2019இல் மணிலாவில் தண்டனை பெற்றவரோ ஒரு வங்கிக் கிளையின் மேலாளர்.

இன்று இங்கே போலிப் பெயர்கூடத் தேவையில்லை. கமிஷன் தருவதாகச் சொல்லி, மாணவர்களிடமும் வேலையில்லாதவர்களிடமும் கணக்கு, ஏடிஎம் அட்டை, சிம் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார்கள். பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளைத் தாண்டிவிடும். காவல்துறை முதலில் தட்டுவது கணக்குக்காரரின் கதவைத்தான். வழக்கு நடத்த நம் பிள்ளைகளிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை.

விடுதிகளிலும் சேரிகளிலும் இதை எடுத்துச் சொல்வோம் தோழர்களே: கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்.