பழைய வரைபடத்தில் நம் தெரு எங்கே?

போகிக்கு வீடு ஒழிக்கும்போது, நம் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து பல மடிப்பாக மடித்த தாள் ஒன்று கிடைத்தது. பழைய பேப்பரோடு போயிருக்க வேண்டியது. அந்த வீட்டம்மா விரித்துப் பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று என்னிடம் கொடுத்தார். கோயமுத்தூருக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆங்கிலத்தில் அச்சிட்ட வரைபடம் அது. முன்பக்கம் ஊர், பின்பக்கம் மாவட்டம். அவருடைய மாமனார் மில் ஆபீசில் வேலை பார்த்தவர். வெளியூரிலிருந்து வரும் வியாபாரிகளுக்கு வழி சொல்ல வைத்திருந்தாராம்.

அச்சிட்ட ஆண்டு இருந்த ஓரம் கிழிந்துவிட்டது. ஆனாலும் காலத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. ரயில் பாதையின் மேல் 'சதர்ன் ரயில்வே' என்று இருக்கிறது. அந்தப் பெயர் வந்தது 1951 ஏப்ரலில். அதற்கு முன் இது சவுத் இந்தியன் ரயில்வே. பின்பக்கத்தில் கொள்ளேகால் தாலுகா நம் மாவட்டத்துக்குள் இருக்கிறது. 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் மைசூருக்குப் போய்விட்டது. ஆக, இது இரண்டுக்கும் நடுவே அச்சானது. போர் முடிந்து, சுதந்திரம் வந்து, நம் ஊர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம்.

எவ்வளவு வேகம்? 1941 கணக்கெடுப்பில் கோவை நகரில் சுமார் 1.30 லட்சம் பேர். 1951-ல் 1.98 லட்சம். 1961-ல் 2.86 லட்சம். இருபது ஆண்டில் ஊர் இரண்டு மடங்குக்கு மேல் பெருத்திருக்கிறது.

அந்த ஊரில் பயணி எதைப் பார்க்க வேண்டும் என்கிறது வரைபடம்? பேரூர் கோயில், மருதமலை, டவுன்ஹால், விவசாயக் கல்லூரி, 1902-ல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம். எல்லாவற்றையும் விடப் பெரிய அம்புக்குறி மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிறது: ஊட்டிக்குப் போகும் வழி. வந்தவர் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மலையேறிவிடுவார் என்பது அச்சிட்டவர் கணக்கு. தவறில்லை, பயணிக்கு அது போதும். ஆனால் அன்று இங்கே வாழ்ந்தவர்களின் கோயமுத்தூர் வேறு.

அது மில்களின் ஊர். 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கிய கதை, 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்த பிறகு வேகமெடுத்தது. சுற்றிலும் கரிசல் மண்ணில் பருத்தி, பக்கத்து மலையிலிருந்து மலிவான மின்சாரம். அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, சிங்காநல்லூர், பீளமேடு என்று மில் புகைபோக்கிகள் எழுந்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கு மெல்ல மெல்ல மோட்டார் வந்தது. மில்லுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள், பட்டறைக்கு ஆள் பழக்கக் கல்லூரிகள், 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. வேலை முடிந்தால் சினிமா. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டர் ஒரு ரோட்டுக்கே பெயரானது. சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ இரண்டிலும் படப்பிடிப்பு நடந்தது. 1954-ல் வந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜா தயாரிப்பு.

நேரம் சொன்னது மில் சங்கு. எந்த மில் சங்கு என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் பெரியவர்கள் நம் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வரைபடத்தில் மில்கள் சிறு கறுப்புக் கட்டங்கள். சின்னியம்பாளையம், அவிநாசி ரோட்டில் வெறும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு அச்சில் வராத ஒரு கதை உண்டு. தொழிலாளர் போராட்டத்தை ஒட்டி எழுந்த ஒரு கொலை வழக்கில், ராமய்யன், வெங்கடாசலம், சின்னய்யன், ரங்கண்ணன் என்ற நான்கு மில் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறை. இந்த வரைபடத்தை விரித்து வழி கேட்ட வியாபாரிக்கு அது பத்து வருடம்கூட ஆகாத சேதி.

சரி, நம் தெரு எங்கே? இல்லை. நம் சைட்டுகள் இருக்கும் இடம் வெறும் வெள்ளைத் தாள். அன்று இது சோளக்காடும் பருத்திக்காடும்தான். ஆனால் அந்த வெள்ளையை ஒட்டி வளைந்து வளைந்து ஒரு நீலக்கோடு போகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்: சங்கனூர்ப் பள்ளம்.

நம் பிள்ளைகள் பள்ளம் என்றால் குழி என்று நினைக்கிறார்கள். கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் ஓடை. தடாகம் பக்கத்து மலைகளில் பெய்கிற மழையை வாங்கி, ஊரின் வடக்கே சுற்றி, சிங்காநல்லூர்க் குளத்தில் சேர்ப்பது இந்தப் பள்ளம். தெற்கே நொய்யலும், அணைக்கட்டும் வாய்க்காலுமாக அது நிரப்பும் குளங்களும் வரைபடத்தில் வரிசையாக நீலத்தில் இருக்கின்றன. கிருஷ்ணாம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம். மில்லும் ஸ்டுடியோவும் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே யாரோ யோசித்துப் போட்ட ஏற்பாடு அது.

ஒவ்வொரு ஐப்பசியிலும் நம் கடைசிக் குறுக்குத் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது. சாக்கடை அடைப்பு என்று நாமும் வருடா வருடம் மனு எழுதுகிறோம். வரைபடத்தையும் கைபேசியில் உள்ள இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீலக்கோட்டிலிருந்து பிரிகிற மெல்லிய கிளை ஒன்று, கண்ணுக்குப் படுகிற வரைக்கும், அந்தத் தெரு இருக்கும் பக்கமாகத்தான் வருகிறது. தண்ணீர் வழி தவறி வரவில்லை போலிருக்கிறது. அதன் வழியில் நாம்தான் வீடு கட்டிக்கொண்டோம். இதை யார் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. என் வீடும் அங்கேதான் இருக்கிறது.

சுற்றுலா வரைபடத்தை வைத்துக்கொண்டு அரசு அலுவலகத்தில் வாதாட முடியாது. அதற்குக் கிராமப் புலப்படம் வேண்டும். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று இது சொல்லிவிட்டது. அடுத்த மனுவில் சாக்கடையைச் சுத்தம் செய்யுங்கள் என்று மட்டும் எழுதாமல், பள்ளத்துக்குப் போகும் பழைய வாய்க்காலை அளந்து காட்டுங்கள் என்றும் கேட்போம்.

வரைபடத்தை அந்த அம்மா சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். பொதுக்குழு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் விரித்து வைக்கிறோம். வந்து பாருங்கள். மில்லில் வேலை பார்த்த தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் கையோடு கூட்டி வாருங்கள். அப்படியே உங்கள் பரணையும் ஒருமுறை தேடிவிடுங்கள். அடுத்த போகி வரை காத்திருக்க வேண்டாம்.