சம்பளமும் பராமரிப்பும்: 19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலியில் அருளப்பனின் விசுவாச ஊழியம்

ஆய்வுச் சுருக்கம்

இறைவன் தம்மை நம்பினோரின் தேவைகளைத் தவறாது நிறைவுசெய்வார் என்பது கிறித்தவ நம்பிக்கை. இந்நம்பிக்கை தமிழகத்தில் ஊழியர்களின் ஊதிய முறையோடு எவ்வாறு மோதியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சம்பளம் பெறாமல் ஊழியம் செய்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் (1810–1867) வாழ்வு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தேவ பராமரிப்பு, அருளப்பன், ரேனியஸ், கிறிஸ்தியான்பேட்டை, டோனாவூர்

முன்னுரை

ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் செல்லும் பகுதியில் (ஆதியாகமம் 22) தமிழ் விவிலியம் 'பார்த்துக்கொள்' என்னும் வினையை ஆள்கிறது. எபிரேய மூலத்தில் அங்குள்ள சொல்லின் அடிப்படைப் பொருள் 'காண்' என்பதாகும். காணுதலையும் காத்தலையும் ஒரே வினையில் உணர்த்தத் தமிழுக்கு இயல்பாகவே இடமுண்டு. 'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்னும் பழமொழியும் இவ்வகை நம்பிக்கை தமிழர்க்குப் புதிதன்று என்பதைக் காட்டும். எனினும், திருநெல்வேலிக் கிறித்தவர்களிடையே இது ஒரு நடைமுறை வினாவாக எழுந்தது. தண்ணீர் ஊற்றுபவர் இறைவனா, இலண்டனிலுள்ள சங்கமா?

சங்கச் சம்பளமும் அதன் பிடியும்

சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், உள்ளூர் உபதேசியார்களைக் கொண்டு சபைகளைப் பெருக்கினார். உபதேசியார்களின் ஊதியம் பெரிதும் சங்கத்தின் வழியே வந்தது. ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளை அவர் வெளிப்படையாக விமர்சித்தமையால், 1835இல் சங்கம் அவரோடு கொண்டிருந்த உறவை முறித்தது. உபதேசியார்களும் சபைகளும் இரு பிரிவாயினர். ஊதியம் அளிக்கும் கை, கொள்கையையும் கட்டுப்படுத்த வல்லது என்பதைத் திருநெல்வேலி இந்நிகழ்வில் கண்டது.

அருளப்பனின் மறுப்பு

ரேனியஸிடம் பயின்ற அருளப்பன், பின்னர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு இணைந்தார். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் பல் மருத்துவராக இருந்த குரோவ்ஸ், எச்சங்கத்தின் ஆதரவுமின்றி 1829இல் பாக்தாதுக்கும் 1833இல் இந்தியாவுக்கும் வந்தவர். பிரிஸ்டல் நகரில் அனாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் அவருடைய தங்கையை மணந்தவர். மனிதரிடம் பொருள் கேளாமல் இறைவனிடம் மட்டுமே கேட்பது இவ்வட்டத்தாரின் கொள்கை.

தனியே ஊழியம் செய்யப் புறப்பட்ட அருளப்பன், குரோவ்ஸ் தர முன்வந்த ஊதியத்தையும் ஏற்கவில்லை. அதற்கு அவர் கூறிய காரணத்தைக் குரோவ்ஸின் வாழ்க்கைக் குறிப்பால் அறிகிறோம். சம்பளம் பெற்றால், கூலிக்காகவே போதிக்கிறார் என்று மக்கள் சொல்வதை நிறுத்தமாட்டார்கள் என்பதே அது. இது சிந்தனைக்குரியது. இறைவன் பார்த்துக்கொள்வார் என்னும் நம்பிக்கை இங்கே கேட்போரின் ஐயத்துக்கு விடையாகவும் அமைகிறது. குரோவ்ஸிடமிருந்து கொள்கையைப் பெற்ற அருளப்பன், அக்கொள்கையைக் குரோவ்ஸின் கொடையை மறுக்கவே பயன்படுத்தினார்.

1840இல் வத்திராயிருப்புக்கு அருகே அவர் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கினார். அங்கு ஐரோப்பியத் தலைமையின்றித் தமிழர்களே சபையை நடத்தினர். 1860இல் அங்கு எழுந்த எழுப்புதல் சங்கத்தைச் சார்ந்த சபைகளையும் தொட்டது.

கேளாமையும் அறிவித்தலும்

அருளப்பனின் நாட்குறிப்புப் பகுதிகள் இங்கிலாந்தில் அச்சேறின, 1939இல் ஜி. எச். லாங் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். பொருள் கேட்கப்படவில்லை, ஆனால், பணியின் நிலை அறிவிக்கப்பட்டது. படித்தவர்களிடமிருந்து காணிக்கை வரவும் வழி இருந்தது. எனவே அயல்நாட்டுச் சார்பு முற்றிலும் நீங்கிற்று எனக் கூறவியலாது. நம்புவோர்க்கு இது முரணன்று. இறைவன் மனிதரைக் கொண்டே அளிக்கிறார் என்பது அவர்தம் விளக்கம். வரலாற்று நோக்கில் வேறொன்று முதன்மை பெறுகிறது. சம்பளம் ஓர் உடன்பாடு; தருபவர்க்கு ஏவும் உரிமையை அது அளிக்கிறது. காணிக்கை அத்தகைய உரிமையை அளிப்பதில்லை.

இதே வினா டோனாவூரில் வேறு வடிவில் தொடர்ந்தது. ரேனியஸ் காலத்தில் பொருளுதவி செய்த டோனா பிரபுவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. கோயில்களுக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமியர்க்கு 1901 முதல் புகலிடம் அளித்த ஏமி கார்மைக்கேல், அங்கிருந்தே பொருளுதவி வேண்டாமலும் கடன் வாங்காமலும் பெரும் இல்லத்தை நடத்தினார். அவருடைய நூல்கள் அப்பணியை உலகறியச் செய்தன. கொடையாளியின் பெயர்கொண்ட ஊரே கேளாமைக்குப் பெயர்பெற்றது.

முடிவுரை

அருளப்பனின் விசுவாச ஊழியத்தை ஐரோப்பியப் பக்தி இயக்கத்தின் எதிரொலியாக மட்டும் கருதுவது பொருந்தாது. சங்கத்தின் ஊதியப் பட்டியலுக்கு வெளியே தமிழ் ஊழியர் ஒருவர் தம் சொல்லுக்கு மதிப்புத் தேடிக்கொண்ட வழியாகவும் அது அமைந்தது. வறுமைக்கு அஞ்சாமல் இருக்க அந்நம்பிக்கை அவருக்குத் துணை நின்றது. யாருடைய ஏவலுக்கும் உட்படாமல் இருக்கவும் அதுவே துணை நின்றது. மிஷன் வரலாற்றில் ஊதியக் கணக்குகளையும் இறையியல் ஆவணங்களாகக் கொண்டு வாசிக்க வேண்டிய தேவையை இது உணர்த்துகிறது.