புல்ஸ்நிட்ஸ்: மாவைக் காத்த ஊர்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே இருக்கும் சிற்றூர் புல்ஸ்நிட்ஸ். 1558-இல் இவ்வூர் ரொட்டிக்காரர்களுக்கு ஓர் உரிமை கிடைத்தது: ரொட்டியோடு 'ஃபெஃபர்கூகன்' என்னும் மிளகுக் கேக்கும் சுடலாம். அந்த ஓர் அனுமதியைப் பிடித்துக்கொண்டு நாலரை நூற்றாண்டுக்கும் மேலாக ஊரே ஒரு தொழிலைக் கட்டிக்காத்து வந்திருக்கிறது.

பேரில்தான் மிளகு. பண்டத்தில் மணப்பவை பட்டை, கிராம்பு, ஏலம், சோம்பு, கொத்தமல்லி. கடல் கடந்து வந்த வாசனைச் சரக்கு எதுவானாலும் அக்காலத்து ஜெர்மானியருக்கு அது 'ஃபெஃபர்'. அந்தச் சொல்லும் திப்பிலியின் வடமொழிப் பெயரான 'பிப்பலி'யிலிருந்து கிரேக்கம், லத்தீன் வழியாகப் போனதுதான். நம் நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் திப்பிலி, அங்கே ஒரு பலகாரத்தின் பேரில் ஒட்டிக்கொண்டிருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஊரின் கைத்திறம் முழுவதும் மாவில் இருக்கிறது. தேனையோ சர்க்கரைப் பாகையோ சூடாக்கி மாவில் ஊற்றிப் பிசைவார்கள். கொழுப்பு சேர்ப்பதில்லை, மசாலாவும் அப்போது போடுவதில்லை. மரத்தொட்டிகளில் அடைத்துக் குளிர்ந்த அறையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். நம் இட்லி மாவு ஓர் இரவில் பொங்கிவிடும். இது பொங்காது, இறுகி, மெல்லப் புளிக்கும். வேண்டியபோது கட்டிகளாக வெட்டியெடுத்து, 'உடைத்து' இளக்குவார்கள். அதன்பிறகே மசாலா, பொட்டாஷ், மான்கொம்பு உப்பு. ஊறிய மாவின் புளிப்போடு சேர்ந்து பொட்டாஷ் வாயுவைக் கிளப்பி மாவை அகலவாக்கில் விரிக்கும். மான்கொம்பு உப்பு மேலே எழுப்பும். முன்பு உண்மையாகவே மான்கொம்பிலிருந்து வடித்த உப்பு அது. இன்று அம்மோனியச் சேர்மம். அடுப்பில் குப்பென்று ஒரு நெடி அடிக்கும், வேகும்போதே போய்விடும். மிஞ்சுவது தேனும் கிராம்பும்.

கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் தனியார் தொழில்கள் பல ஒடுங்கின. அப்போதும் இங்கே குடும்பக் கூடங்கள் சில அடுப்பை அணையவிடவில்லை. அவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும். தாத்தா பிசைந்த முறையில்தான் பேரனும் பிசைந்தான்.

இன்று ஊரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் மிளகுக் கேக் சந்தை கூடுகிறது. பழக்கூழ் உள்ளே வைத்துச் சாக்லேட் பூசிய 'ஸ்பிட்ஸன்' என்ற சிறு துண்டுகள் இவ்வூரின் பேர்போன பண்டம். சந்தையில் கைக்கு வரும் துண்டின் மாவு, பல கூடங்களில் கோடையிலேயே தொட்டிக்குள் போயிருக்கும்.