விலை வரைபட வடிவங்களும் ‘குறைந்த இடர்’ என்னும் கணக்கும்

பங்கு விலைகளின் வரைபடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றும் வடிவங்களைக் கொண்டு வாங்குவதற்கும் விற்பதற்கும் உரிய தருணத்தை அறியலாம் என்னும் கருத்து, அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷாபேக்கர் 1932இல் வெளியிட்ட நூலிலும், அவர் வழியைப் பின்பற்றி ராபர்ட் எட்வர்ட்ஸும் ஜான் மகீயும் 1948இல் எழுதிய நூலிலும் முறையான வகைப்பாடாக வளர்ந்தது. அவ்வழியில் வந்த கையேடுகள் இன்று இரண்டு உறுதிமொழிகளைச் சேர்த்தே தருகின்றன. விலை எப்பக்கம் செல்லும் என்பதை வடிவம் காட்டிவிடும் என்பது ஒன்று. கணிப்புப் பிசகினாலும் இழப்பு சிறிதாகவே முடியும், ஆகவே இது இடர் குறைந்த வணிகம் என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி ஆய்வாளர்கள் நீண்டகாலமாக வாதிட்டு வருகின்றனர். இரண்டாவதோ பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்டது. சிறு முதலீட்டாளரைக் கூடுதலாகக் காயப்படுத்துவது இந்த இரண்டாவது உறுதிமொழியே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வடிவங்களுள் பெரிதும் அறியப்பட்டது ‘தலை–தோள்’ வடிவமாகும். விலை மூன்று முறை உயர்ந்து இறங்கி, நடுச்சிகரம் மற்ற இரண்டையும் விட உயரமாக அமைந்தால், அச்சிகரம் தலை எனவும் பக்கச் சிகரங்கள் தோள்கள் எனவும் பெயர் பெறும். இடையே அமைந்த இரண்டு பள்ளங்களை இணைக்கும் கோடு கழுத்துக்கோடு ஆகும். விலை அக்கோட்டுக்குக் கீழே இறங்கியதும் விற்க வேண்டும், வலத்தோளுக்குச் சற்று மேலே ‘ஸ்டாப் லாஸ்’ ஆணையை, அதாவது விலை அந்த எல்லையைத் தொட்டால் நட்டத்தோடு வெளியேறிவிடும் ஆணையை, வைக்க வேண்டும், தலைக்கும் கழுத்துக்கோட்டுக்கும் இடைப்பட்ட உயரத்தின் அளவுக்கு விலை கீழே இறங்கும் என எதிர்பார்க்க வேண்டும் என்பது விதி. எதிர்பார்க்கும் இலாபம் பெரிது, ஏற்கும் நட்டம் சிறிது என்ற தோற்றம் இங்கிருந்தே பிறக்கிறது.

வடிவங்களுக்குத் திசை காட்டும் ஆற்றல் அறவே இல்லை எனத் தள்ளிவிட இயலாது. சமவாய்ப்பு எண்களை அடுக்கி வரைந்த கோட்டிலும் தலை–தோள் போன்ற உருவம் தோன்றும் என்று ஹாரி ராபர்ட்ஸ் 1959இலேயே காட்டினார் என்றாலும், ஆண்ட்ரூ லோவும் உடனாய்வாளர்களும் 1962 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்கு விலைகளைக் கணினியால் ஆராய்ந்து, சில வடிவங்களுக்குப் பின் விலை மாற்றங்களின் பரவல் வழக்கமான பரவலிலிருந்து வேறுபடுகிறது என 2000ஆம் ஆண்டு எழுதினர். அதனால் இலாபம் கிடைக்கும் என்று பொருளாகாது என்பதையும் அவர்கள் சேர்த்தே கூறினர். நாணயச் சந்தையில் கரோல் ஆஸ்லரும் கெவின் சாங்கும் ஆறு நாணயங்களை ஆராய்ந்தபோது, தலை–தோள் விதி ஜெர்மன் மார்க்கிலும் ஜப்பானிய யென்னிலும் மட்டுமே பலன் தந்தது. அவற்றிலும் எளிய நகரும் சராசரி விதிகள் அதைவிட நன்றாக இயங்கின. சுருங்கச் சொன்னால், திசை பற்றிய சான்று மெலிந்தது, ஆனால் வெறுமையானதன்று.

இடர் பற்றிய உறுதிமொழியோ எளிய கணக்கிலேயே ஆட்டம் காண்கிறது. 200 ரூபாய்க்கு வாங்கிய பங்குக்கு 195இல் ஸ்டாப் லாஸும் 215இல் இலக்கும் வைக்கப்பட்டால், 5 ரூபாயை இழக்கத் துணிந்து 15 ரூபாயைத் தேடுவதாக வணிகர் கருதுவார். ஆனால் விலை எப்பக்கமும் சாயாமல் சமவாய்ப்பாக நகருமானால், 195க்கு முன் 215ஐத் தொடும் வாய்ப்பு 20இல் 5, அதாவது 25 விழுக்காடு மட்டுமே. நான்கு வணிகங்களில் மூன்று தலா 5 ரூபாயை இழக்க, ஒன்று 15 ரூபாயை ஈட்டி, மிச்சம் சுழியாகிவிடும். எல்லையை அருகில் வைப்பது ஒவ்வொரு நட்டத்தையும் சிறிதாக்கி, நட்டங்களின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. அதனால் மட்டும் ஆதாயம் எதுவும் பிறப்பதில்லை. இதற்கு மேல் தரகும் வரியும் உண்டு. ஒரு பங்குக்கு 50 பைசா செலவாகும் என்றால், 5 ரூபாய் எல்லையில் அது ஏற்ற இடரில் பத்தில் ஒரு பங்கு. 20 ரூபாய் எல்லையில் நாற்பதில் ஒரு பங்கு. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, பங்குசார் முன்பேர, விருப்பத்தேர்வு வணிகத்தில் (எஃப் அண்டு ஓ) ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்தனர். அவர்கள் அனைவரும் வரைபடம் பார்த்து வணிகம் செய்தவர்கள் அல்லர். எனினும் அம்மூன்றாண்டுகளில் தனிநபர்கள் பரிவர்த்தனைச் செலவாக மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் கொடுத்தனர் என்பது மேற்சொன்ன கணக்கின் கனத்தை உணர்த்தும்.

இதனினும் ஆழமான சிக்கல், வாங்கும் அளவில் இருக்கிறது. ஒரு வணிகத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று முடிவு செய்தவர், 5 ரூபாய் எல்லை வைத்தால் 2,000 பங்குகளும், 20 ரூபாய் எல்லை வைத்தால் 500 பங்குகளும் வாங்குவார் என்பது கையேடுகள் கற்பிக்கும் வாய்பாடு. ஸ்டாப் லாஸ் என்பது எல்லை விலையிலேயே விற்றுத் தருவதாகச் சந்தை அளித்த வாக்குறுதி அன்று. எல்லை தாண்டப்பட்டால் கிடைக்கும் விலைக்கு விற்கும் கட்டளை மட்டுமே. ஒரு செய்தியால் மறுநாள் காலையில் விலை 30 ரூபாய் இறங்கித் திறந்தால், இடர் கூடுதல் எனக் கருதப்பட்ட 500 பங்குகளில் 15,000 ரூபாயும், குறைந்த இடர் எனப்பட்ட 2,000 பங்குகளில் 60,000 ரூபாயும் போய்விடும். எல்லை நெருங்க நெருங்க இடர் குறைவதாகத் தோன்றும். உண்மையில் அது கண்ணுக்குப் படாத இடத்தில் குவிகிறது.

அந்தக் குவிப்பு தனியொருவரோடு நிற்பதும் இல்லை. ஒரு பெரிய வங்கியிடம் வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த நாணய ஆணைகளை ஆராய்ந்த ஆஸ்லர், இலாபம் எடுக்கும் ஆணைகள் முழு எண்களிலேயும், நட்டம் நிறுத்தும் விற்பனை ஆணைகள் அவ்வெண்களுக்குச் சற்றுக் கீழேயும் திரளுவதை 2003இல் விளக்கினார். ஆதரவு நிலைகள், அதாவது இறக்கம் நிற்கும் என வரைபடம் படிப்போர் எதிர்பார்க்கும் விலைகள், ஒரு சமயம் தாங்குவதற்கும், உடைந்தால் விலை வேகமெடுப்பதற்கும் இத்திரட்சி காரணம் காட்டுகிறது. வரைபடம் படிப்போர் அனைவரும் ஒரே கோட்டைக் கண்டு, அதன் கீழ் ஒரே இடத்தில் வெளியேற எண்ணுவதால், அக்கோடு உடையும் நொடியில் வாங்குவோர் அரிதாகின்றனர்.

சுவிஸ் பிராங்க் இதற்குத் தெளிவான சான்று. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடப்போவதில்லை என்று சுவிஸ் மைய வங்கி 2011 செப்டம்பர் 6இல் அறிவித்தது. அதன்பின் அந்த மாற்று விலையின் வரைபடம், வடிவ நூல்கள் விரும்பும் ஆதரவுக் கோட்டின் நேர்த்தியான உருவமாகவே அமைந்தது. 1.2010இல் யூரோவை வாங்கி 1.1960இல் எல்லை வைத்தவருக்கு, ஏற்கும் இடர் 0.0050 மட்டுமே எனத் தோன்றியிருக்கும். 2015 ஜனவரி 15இல் வங்கி அக்கொள்கையைக் கைவிட்டதும், விலை சில நிமிடங்களில் 1.00க்கும் கீழே சரிந்தது. 1.0010இல் ஆணை நிறைவேறியிருந்தால்கூட இழப்பு 0.2000, அதாவது கணக்கிட்டதைப் போல் நாற்பது மடங்கு. கடன் வாங்கிப் பெருக்கிய நிலைகளில் அது வைத்த முதலையும் தாண்டிச் சென்றது. கோட்டின் நேர்த்திக்குக் காரணம் சந்தையின் இயல்பு அன்று, ஒரு நிறுவனத்தின் கொள்கை முடிவு. அம்முடிவு எப்போது மாறும் என்பதை எந்த வடிவமும் சொல்லியிருக்க இயலாது.

இத்தகைய நிகழ்வுகள் அரியவை, அவற்றை அளவுகோலாக்குவது முறையன்று என்று மறுப்போர் உண்டு. ஆனால் இடர் என்ற சொல் குறிப்பது அரிதாக நேரும் பெருநட்டத்தையே. அன்றாடம் நேரும் சிறுநட்டம் வணிகத்தின் செலவு. வடிவம் செய்யக்கூடிய உருப்படியான உதவி, தன் ஊகம் எந்த விலையில் பொய்த்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்பதை வணிகர் முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் செய்வதாகும். எவ்வளவு வாங்கலாம் என்பதை அந்த விலை தீர்மானிக்கலாகாது. மேற்கண்ட 200 ரூபாய்ப் பங்கில் ஓர் இரவில் 30 ரூபாய் சரிய இடமுண்டு எனக் கொண்டால், 10,000 ரூபாய் வரம்புக்கு 333 பங்குகளே அடங்கும். எல்லை 195இலேயே இருக்கலாம். அப்போது இலக்கு கைகூடினாலும் ஈட்டம் சுமார் 5,000 ரூபாய்தான், கையேட்டின் வாய்பாடு காட்டிய 30,000 அன்று.