8,800 கட்டங்கள்



அண்மையில் பள்ளிக் கூட்டம் ஒன்றில், திடலோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிட்டு வாகன நிறுத்துமிடம் அமைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. "ஒரு மரந்தானே ஐயா" என்றார் பெற்றோர் ஒருவர். பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் விரித்துக் காட்டிய பெரிய கட்ட அட்டவணை ஒன்று அப்போது என் நினைவுக்கு வந்தது. அதன் வரலாற்றைச் சற்றே கூற விழைகிறேன்.

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பிக் சைப்ரஸ் சதுப்பு நிலத்தில், மாபெரும் வானூர்தி நிலையம் ஒன்றைக் கட்டத் தொடங்கினர். அதற்கென ஒதுக்கிய நிலம் 39 சதுர மைல். அந்நிலத்தின் வழியாகவே எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்கு நீர் சென்றது. 1969இல் நீரியல் அறிஞர் லூனா லியோபோல்ட் தலைமையில் உள்துறை அமைச்சுக்காக ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அது ஓடுபாதையை மட்டும் பார்க்கவில்லை. நிலையத்தைத் தொடர்ந்து எழக்கூடிய நகரையும், அந்நகருக்காக வடிக்கப்படும் நீரையும், அதிலிருந்து வெளியேறும் கழிவையும் பார்த்தது. நேரடித் தீங்கைவிட வழித்தோன்றித் தீங்கே பெரிது என்பதே அதன் கணிப்பு. 1970 சனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சியது ஓர் ஓடுபாதை மட்டுமே. 1974இல் சுற்றியிருந்த சதுப்பு நிலம் தேசியப் பாதுகாப்புப் பகுதியாயிற்று.

அதே 1970 சனவரி முதல் நாளில் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் அங்கே கையொப்பமானது. பெரிய திட்டங்களின் விளைவுகளை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும் என்றது சட்டம். எப்படி எழுதுவது என்பதோ எவருக்கும் தெளிவாக விளங்கவில்லை. 1971இல் லியோபோல்டும் அவர்தம் துறையினரும் விடையாக ஓர் அட்டவணையை வெளியிட்டனர். மேலே 100 செயல்கள், பக்கத்தில் 88 சூழற்கூறுகள், ஆக 8,800 கட்டங்கள். தொடர்புள்ள கட்டத்தில் மட்டும் ஒரு சாய்கோடு இட வேண்டும். கோட்டின் மேற்புறம் தாக்கத்தின் அளவுக்கு 1 முதல் 10 வரை ஓர் எண். கீழ்ப்புறம் அதன் முக்கியத்துவத்திற்கு இன்னோர் எண். அளவும் முக்கியத்துவமும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டியதே இதன் சிறப்பு. அவர்கள் தந்த எடுத்துக்காட்டு கலிபோர்னியாவில் திட்டமிடப்பட்ட பாசுபேட்டுச் சுரங்கம். அங்குப் பாறை வெடிப்பால் காண்டோர் என்னும் அருகிவரும் பெருங்கழுகுக்கு நேரும் தாக்கத்தின் அளவு 5, முக்கியத்துவமோ 10.

குறையும் உண்டு. ஒரே கட்டுரைக்கு நான் 14 மதிப்பெண் இடுவேன், பக்கத்து வகுப்பாசிரியர் 17 இடுவார், நாம் அறியாததா? கட்டங்களுக்கு எண் இடுவதிலும் அவ்வாறே. ஒரு விளைவிலிருந்து மற்றொன்று கிளைப்பதையும் கட்டம் காட்டாது. அதற்காகவே அதே 1971இல் சோரென்சன் என்பார் வலைப்பின்னல் வரைபட முறையைக் கொணர்ந்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1987இல் மலேசியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணை பிறந்து, 1988 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் பெருஞ்சோதனை சரவாக்கின் பக்குன் அணை. உயரம் 205 மீட்டர். நீர்த்தேக்கமோ ஏறத்தாழச் சிங்கப்பூர் அளவு. 1995இல் வெளியான ஒரு திருத்தம், முன்தேதியிட்டு, சரவாக்கை அந்த ஆணையின் எல்லையிலிருந்து விலக்கியது. அதனால் மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்துக் கருத்துரைக்கும் உரிமையை இழந்தோம் என நீள்வீட்டு மக்கள் மூவர் வழக்குத் தொடுத்தனர். 1996இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஏறக்குறைய 10,000 பேர் சுங்கை ஆசாப்புக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். லியோபோல்டின் 88 கூறுகளுள் மக்களின் வாழ்க்கை முறையும் ஒன்று. அந்தக் கட்டத்திற்கு எண் இடும் வாய்ப்பு அங்கு வாழ்ந்தோர்க்குக் கிட்டவில்லை என்பதுதான் என் மனக்குறை.

மறுநாள் என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஐந்துக்கு ஐந்து கட்டம் வரையச் சொன்னேன். மரத்தை வெட்டுவதால் வரும் நிழலிழப்பின் முக்கியத்துவத்திற்கு ஒரு குழு 3 இட்டது, மற்றொரு குழு 9 இட்டது. காரணம் கேட்டேன். முதற்குழுவினர் பெற்றோரின் மகிழுந்தில் வருபவர்கள். இரண்டாம் குழுவினர் பிற்பகலில் அம்மரத்தடியில் முக்கால் மணிநேரம் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்.

இரு தாள்களையும் அடுத்த கூட்டத்திற்கு எடுத்துச் செல்லவிருக்கிறேன்.